மஞ்சள் கறையை வெயில் எப்படிப் போக்குகிறது? அலையின் ஆற்றலைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழா மஞ்சள் நீராட்டோடுதான் நிறைவடையும். கம்பம் எடுத்துக் காவிரிக்குப் போகிற அன்று தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். வெள்ளைச் சட்டையோடு போனவர் யாரும் வெள்ளைச் சட்டையோடு திரும்புவதில்லை. சின்ன வயதில் அப்படி நனைந்து வந்து நின்றபோது எங்கள் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஒரே ஒரு விஷயம்தான் சொல்லும்: "சோப்பப் போட்டு உரசாத கண்ணு, செவந்து போயிரும். சும்மா அலசி வெயில்ல விரிச்சு உடு. பொழுது சாயறதுக்குள்ள போயிரும்."

போய்விடும். கொங்கு நாட்டில் இதைச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. மஞ்சள் விளைகிற ஊர்க்காரர்களின் கைப்பழக்கம் இது. ஆனால் இதே துணியை ஐப்பசி அடைமழையில் அடுப்புக்குப் பக்கத்தில் கொடி கட்டிக் காயப்போட்டால் துணி காயும், கறை அப்படியே இருக்கும். இஸ்திரிப் பெட்டியை வைத்து எத்தனை முறை தேய்த்தாலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். கையை நீட்டிப் பார்த்தால் வெயிலைவிட அடுப்புதான் அதிகமாகச் சுடுகிறது. அதிகச் சூட்டால் முடியாததை குறைந்த சூடு எப்படிச் செய்கிறது?

அலையின் ஆற்றலுக்கும் அதன் அதிர்வெண்ணுக்கும் அலைநீளத்துக்கும் உள்ள உறவு என்று பாடப்புத்தகம் சொல்வதெல்லாம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் "ஆற்றல் அதிகம்" என்று சொல்லும்போது எதன் ஆற்றல், மொத்தத்துக்கா, ஒவ்வொன்றுக்குமா என்று கேட்டால் திகைத்துவிடுகிறார்கள். அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். அதைத்தான் இங்கே பொறுமையாகச் செய்யப் போகிறேன்.

முதலில் ஒரு கயிறு. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டு மீட்டர் நீளக் கயிற்றின் ஒரு முனையைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்து, கொஞ்சம் இழுத்தாற்போல் வைத்துக்கொண்டு மேலும் கீழும் ஆட்டுங்கள். கயிற்றில் மேடும் பள்ளமுமாக ஒன்று ஓடிப்போகும். கயிறு எங்கும் போகவில்லை, உங்கள் கையின் அசைவுதான் போகிறது. அதுதான் அலை.

இதில் அளக்க மூன்று விஷயம் இருக்கிறது. ஒரு நொடியில் எத்தனை தடவை ஆட்டுகிறீர்கள் என்பது அதிர்வெண். நொடிக்கு ஒரு தடவை என்றால் அது ஒரு ஹெர்ட்ஸ். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம் அலைநீளம். மேடு எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பது வீச்சு.

இந்தக் கயிற்றை வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு பையன் கேட்டான்: "ஏனுங்க சார், வேகமா ஆட்டுனா அலையும் வேகமாப் போகுமுங்களா?" நல்ல கேள்வி. எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். போகாது. அலை எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதைக் கயிறுதான் முடிவு செய்கிறது: அது எவ்வளவு கனம், எவ்வளவு இழுவிசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. கைக்கு அதில் அதிகாரம் இல்லை. இழுத்துப் பிடித்த கயிற்றில் அலை நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு இரண்டு தடவை ஆட்டினால், அந்த 8 மீட்டருக்குள் இரண்டு அலை இருக்கும். ஒவ்வொன்றும் 4 மீட்டர். நான்கு தடவை ஆட்டினால் அதே 8 மீட்டருக்குள் நான்கு அலை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் 2 மீட்டர்.

வேகம் = அதிர்வெண் × அலைநீளம்

வேகம் மாறாதவரை, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும். அதிர்வெண்ணும் அலைநீளமும் ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்பவை. வரப்பில் ஏழடிக்கு ஒரு கன்று நட்டேன் என்பதும், எழுபதடியில் பத்துக் கன்று நட்டேன் என்பதும் ஒன்றுதானே, அதுபோல.

இப்போது ஆற்றல். மேட்டின் உயரத்தை மாற்றாமல், வேகமாக மட்டும் ஆட்டிப் பாருங்கள். தோள் சொல்லிவிடும். நொடிக்கு இரண்டு தடவைக்குப் பதில் நான்கு தடவை ஆட்டினால் நொடிக்குச் செலவாகும் ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. ஏனென்றால் கயிற்றின் ஒவ்வொரு துண்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகமாக ஆட்டாமல் உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினாலும் அதே நான்கு மடங்குதான். கயிற்றலையின் ஆற்றலில் அதிர்வெண்ணுக்கும் வீச்சுக்கும் சமமான பங்கு உண்டு.

எல்லா அலைக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். உக்கடம் பெரியகுளத்தில் காற்றடித்து எழும் அலையில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் இருக்கும் ஆற்றல் அலையின் உயரத்தின் வர்க்கத்தை மட்டுமே பொறுத்தது. அதிர்வெண் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. எந்த அலை, எதில் ஓடுகிறது என்று கேட்காமல் ஆற்றலைப் பற்றிப் பேச முடியாது.

வெயிலுக்கு வருவோம். ஒளியும் அலைதான். அதற்குக் கயிறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், வெற்றிடத்திலேயே ஓடும். எல்லா நிறத்துக்கும் அங்கே ஒரே வேகம்: நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். கோவை வானொலியின் ரெயின்போ எஃப்எம் 103 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. நொடிக்கு 10 கோடியே 30 லட்சம் அதிர்வு என்று அர்த்தம். வேகத்தை இதால் வகுத்தால் அலைநீளம் 2.91 மீட்டர். ஒரு கயிற்றுக் கட்டிலைவிட நீளமான அலை காதுக்குத் தெரியாமல் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. தென்னங்கீற்றின் பச்சை நிறமும் இதே இனத்து அலைதான். ஆனால் அதன் நீளம் சுமார் 550 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். அதிர்வெண்ணில் பார்த்தால் பச்சை ஒளி அந்த எஃப்எம் அலையைப் போல ஏறக்குறைய 53 லட்சம் மடங்கு.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இயற்பியலாளர்கள் ஒளியின் ஆற்றலைப் பெரியகுளத்து அலையைப் போலவே நினைத்தார்கள். வீச்சு பெரிதானால் வெளிச்சம் அதிகம், வெளிச்சம் அதிகமானால் ஆற்றல் அதிகம். சிவப்பா, ஊதாவா என்பது நிறத்தின் சங்கதி. ஆற்றலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கொல்லுப்பட்டறையில் அது பொய்த்துப்போனது.

ஆசாரி கொழுவைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு சுமார் 525 டிகிரி செல்சியஸ் வரும்வரை எவ்வளவு சுட்டாலும் கருப்பாகவே இருக்கும். அதன் பிறகு மங்கலான சிவப்பு எட்டிப் பார்க்கும். இன்னும் ஊத ஊத நல்ல சிவப்பு, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள். கோவையின் பவுண்டரிகளில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊற்றும் உருக்கிய இரும்பு கண்கூசும் மஞ்சள்வெள்ளையாக இருக்கும். கைதேர்ந்தவர்கள் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். எந்த ஊர் பட்டறையிலும் இரும்பு முதலில் நீலமாகி, பிறகு சிவப்பானதாகச் சரித்திரமே இல்லை. எப்போதும் சிவப்புதான் முதலில். ஏன்?

பழைய கணக்குப்படி, சூடான எந்தப் பொருளும் அதிர்வெண் ஏற ஏற அதிகமாக ஒளியைக் கொட்ட வேண்டும். அப்படியானால் அடுப்பில் காய்கிற தோசைக்கல்கூட, ஊதாவைவிட அதிர்வெண் கூடிய, கண்ணுக்குத் தெரியாத புறஊதாவைக் கொட்டித் தீர்க்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லினில் இதற்கு ஒரு விடை வைத்தார். ஆற்றல் தண்ணீர் போல ஒழுகிக்கொண்டே வருவதில்லை. அது கட்டுக் கட்டாகத்தான் கைமாறுகிறது. ஒரு கட்டின் அளவு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதம் என்றார்.

ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலம் மூட்டைக் கணக்குதான். அரைக்கிலோ கொடு என்று உடைத்துக் கேட்க முடியாது. ஒளியும் மூட்டைக் கணக்குதான். சிவப்பின் அதிர்வெண் குறைவு, அதனால் அதன் மூட்டை சிறியது; ஊதாவின் அதிர்வெண் அதிகம், அதனால் அதன் மூட்டை பெரியது. 600 டிகிரியில் இருக்கும் இரும்பின் அணுக்களிடம் அதிர்வுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைவு. சிவப்பின் சின்ன மூட்டையைக் கட்டுவதற்கே அவை தடுமாறும். நீல மூட்டை கட்ட அவற்றுக்கு முதலே இல்லை. சூடு ஏற ஏற முதல் கூடுகிறது. செம்மஞ்சள், மஞ்சள் என்று பெரிய மூட்டைகளும் வெளியே வருகின்றன. பட்டறையில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த நிற வரிசை, ஆற்றலின் மூட்டைக் கணக்கைத்தான் கண்முன்னே காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இயற்பியல் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

பிளாங்க் தன் விடையை ஒரு கணித ஏற்பாடாகத்தான் முதலில் நினைத்தார். ஒளியே உண்மையில் பொட்டலமாகத்தான் வருகிறது என்று துணிந்து சொன்னவர் ஐன்ஸ்டைன், 1905-இல். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது இன்னொரு புதிர்.

புறஊதா ஒளி உலோகத்தின் மேல் விழும்போது மின்பொறி எளிதாகப் பாய்கிறது என்பதை ஹெர்ட்ஸ் 1887-இல் கவனித்திருந்தார். நாம் நொடிக்கு ஒரு அதிர்வு என்பதற்கு யார் பேரைச் சொல்கிறோமோ, அதே ஹெர்ட்ஸ்தான். ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று வருகின்றன என்பது பிறகு தெரிந்தது. 1902-இல் லெனார்டு என்ற இயற்பியலாளர் அளந்து பார்த்தபோது இரண்டு விஷயம் வெளிவந்தது. ஒளியின் பிரகாசத்தைக் கூட்டினால் கழன்று வரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. ஒவ்வொன்றும் கொண்டுவரும் அதிகபட்ச ஆற்றல் கொஞ்சமும் கூடுவதில்லை. அந்த ஆற்றல் எந்த ஒளி விழுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. அதோடு, அதிர்வெண் ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு பிரகாசமான ஒளியை அடித்தாலும் ஒரு எலக்ட்ரான்கூட வெளியே வராது.

இதை விளக்க நான் எப்போதும் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைத்தான் சொல்வேன். மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. நெஞ்சுயரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நூறு ஆட்டுக்குட்டிகள். ஒவ்வொன்றும் ஓரடி உயரம் துள்ளும். நாள் முழுக்கத் துள்ளினாலும் ஒன்றுகூட வேலியைத் தாண்டாது, ஏனென்றால் முதல் துள்ளல் இரண்டாவது துள்ளலோடு சேர்வதில்லை. ஒவ்வொரு தடவையும் குட்டி தரைக்கு வந்துவிடுகிறது. நூறை ஆயிரமாக்கினாலும் அதே கதைதான். நல்ல துடியான கிடாய் ஒன்று வந்தால் ஒரே தாவல், வேலிக்கு அந்தப் பக்கம். மொத்தத் துள்ளலைக் கூட்டிப் பார்த்தால் குட்டிகள்தான் அதிகம் துள்ளியிருக்கும். வேலிக்கு அந்தக் கூட்டல் கணக்கு தெரியாது. ஒரு தாவல் எவ்வளவு உயரம் என்பது மட்டும்தான் தெரியும்.

ஒளியின் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பிறகு பெயர் வந்தது. ஒரு ஃபோட்டான் ஒரு எலக்ட்ரானைத் தட்டுகிறது. ஃபோட்டானின் ஆற்றல் போதவில்லையென்றால் எலக்ட்ரான் கொஞ்சம் ஆடிவிட்டு, அடுத்தது வருமுன் அந்த ஆற்றலைச் சூடாகக் கொட்டிவிடும். போதுமானால் ஒரே அடியில் வெளியே.

ஒரு ஃபோட்டானின் ஆற்றல் = பிளாங்க் மாறிலி × அதிர்வெண்

பிளாங்க் மாறிலி 6.626 × 10⁻³⁴ ஜூல்-நொடி. நம்பவே முடியாத சின்ன எண். அமெரிக்காவின் மில்லிகன் ஐன்ஸ்டைனின் கருத்தை நம்பாமலே பல ஆண்டுகள் சோதனை செய்து, கடைசியில் 1916-இல் அதே சமன்பாடுதான் சரி என்று தன் அளவீட்டாலேயே காட்டினார். நம்பாதவர் செய்த சோதனை என்பதால் அதன் மேல் எனக்குக் கூடுதல் மரியாதை. ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது இந்த ஒளிமின் விளைவு விளக்கத்துக்குத்தான், சார்பியலுக்கு இல்லை.

வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்று கயிற்றில் பார்த்தோம். அதை இங்கே வைத்தால், அதிர்வெண் இரட்டித்தால் ஃபோட்டானின் ஆற்றல் இரட்டிக்கும். அலைநீளம் இரட்டித்தால் ஆற்றல் பாதியாகும். கயிற்றில் வந்த வர்க்கக் கணக்கு இங்கே இல்லை, நேர்விகிதம்தான். கணக்குப் போட ஒரு சுருக்கு வழி உண்டு, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். எலக்ட்ரான்வோல்ட் என்பது அணுக்களின் உலகத்துக்கு ஏற்ற சின்ன அளவை. 700 நானோமீட்டர் சிவப்பு 1.77, 400 நானோமீட்டர் ஊதா 3.1. வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்குள் இருக்கும் புறஊதா விளக்கின் 254 நானோமீட்டர் கதிர் 4.9, கிருமியின் மரபணுவைக் குலைக்க அது போதும். எலும்பு முறிவு பார்க்க எடுக்கும் எக்ஸ்ரேயில் ஒரு ஃபோட்டான் 50,000 அளவுக்குக்கூட வரும்.

பிரகாசம் எங்கே போனது? அது எண்ணிக்கைக்குள் போய்விட்டது. விளக்கைப் பிரகாசமாக்கினால் ஃபோட்டான்கள் பெரிதாவதில்லை, அதிகமாகின்றன. கூடத்தில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கோடி ஃபோட்டான்களைக் கொட்டுகிறது. அதனால்தான் வெளிச்சம் நமக்குப் பொட்டலமாகத் தெரியாமல், ஒழுகுவது போலவே தெரிகிறது. மொத்த ஆற்றல் என்பது ஒரு மூட்டையின் எடையை மூட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. எடையைத் தீர்மானிப்பது அதிர்வெண். எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பிரகாசம்.

அதிர்வெண், அலைநீளம் இரண்டில் ஆற்றலுக்கு எது நெருங்கிய சொந்தம் என்று கேட்டால், நான் அதிர்வெண் என்பேன். கோபிக்குப் பக்கத்தில் கொடிவேரி அணையில் குளிக்கும்போது சிவப்புத் துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கி, நீங்களும் முங்கிக் கண்ணைத் திறந்து பாருங்கள். துண்டு சிவப்பாகவே தெரியும். ஆனால் தண்ணீருக்குள் ஒளியின் வேகம் குறைகிறது; 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் அலைநீளம் அங்கே சுருங்கி ஏறத்தாழ 526 நானோமீட்டர் ஆகிவிடுகிறது. காற்றில் அந்த நீளம் பச்சைக்கு உரியது. அலைநீளம்தான் நிறத்தையும் ஆற்றலையும் முடிவு செய்கிறதென்றால் துண்டு பச்சையாகத் தெரிய வேண்டும். தெரிவதில்லை. தண்ணீருக்குள் போனாலும் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது மாறுவதில்லை, அதனால் ஃபோட்டானின் ஆற்றலும் மாறுவதில்லை. 1240 கணக்கைப் போடும்போது வெற்றிடத்தில் உள்ள அலைநீளத்தைத்தான் எடுக்க வேண்டும். காற்றில் அளந்தாலும் வித்தியாசம் மிகச் சொற்பம்.

இனி அம்முச்சியின் கொடிக்கயிற்றுக்குத் திரும்பலாம்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். அதன் மூலக்கூறு 425 நானோமீட்டரை ஒட்டிய நீல ஊதா ஒளியை ஆவலோடு விழுங்கும். வெள்ளை ஒளியிலிருந்து நீல ஊதாவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. விழுங்கிய ஒவ்வொரு ஃபோட்டானும் 2.9 எலக்ட்ரான்வோல்ட் கொண்டுவருகிறது. அந்த அடியில் மூலக்கூறு கிளர்ந்து போகிறது. அந்த நிலையில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடைகிறது. உடைந்த துண்டுகளுக்கு நீலத்தை விழுங்கும் குணம் இல்லை, அதனால் மஞ்சள் நிறமும் இல்லை. வெயிலில் இருக்கும் புறஊதாவும் இதே வேலையைச் செய்கிறது. கறை துணியை விட்டு எங்கும் ஓடிவிடவில்லை, நிறம் தரும் அமைப்புதான் சிதைந்துவிட்டது.

விறகடுப்பின் தணலோ பெரும்பாலும் அகச்சிவப்பைத்தான் வீசுகிறது. 700 டிகிரிக்கு மேல் இருக்கும் தணலில் அதிகமாக வரும் கதிரின் அலைநீளம் 3,000 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். 1240 கணக்கைப் போட்டால் ஒரு ஃபோட்டானுக்கு 0.4 சொச்சம் எலக்ட்ரான்வோல்ட். ஆட்டுக்குட்டிகள். கோடிக்கோடியாக வந்து விழுந்து துணியைச் சூடாக்கும், ஈரத்தை விரட்டும். குர்குமினின் வேலியை ஒன்றும் தாண்டாது. இஸ்திரிப் பெட்டி தருவதும் இந்த மாதிரியான சின்னச் சின்ன அதிர்வுகளைத்தான்.

"அப்படின்னா டியூப்லைட்டுலயும் நீலம் இருக்குதுங்களே, அதுக்கடியில போட்டா போகுமுங்களா?" என்று யாராவது கேட்டால் மிகவும் சந்தோஷப்படுவேன். மூட்டையின் எடை அங்கே சரியாகத்தான் இருக்கிறது. மூட்டைகளின் எண்ணிக்கைதான் போதாது. உச்சிவெயில் வீட்டு வெளிச்சத்தைப் போலப் பல நூறு மடங்கு பிரகாசம். டியூப்லைட் போக்கும், ஆனால் அதற்குள் அடுத்த வருடத் திருவிழா வந்துவிடலாம். வேலியைத் தாண்ட எடை வேண்டும், வேலை சீக்கிரம் முடிய எண்ணிக்கை வேண்டும்.

திருப்பூரில் சாயத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதுவே தலைவலியாக வரும் சங்கதி. மஞ்சள் கறை வெளுத்தால் சந்தோஷம். எக்ஸ்போர்ட் சட்டையின் நிறம் வெளுத்தால் நஷ்டம். அதனால்தான் பையர்கள் லைட் ஃபாஸ்ட்னஸ் டெஸ்ட் கேட்கிறார்கள். செனான் விளக்கின் கீழே துணியை வைத்து, நீலக் கம்பளித் துண்டுகளின் வரிசையோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை மதிப்பெண் போடுவார்கள். செனான் விளக்கைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், வெயிலைப் போலவே நீலமும் புறஊதாவும் அதில் இருப்பதுதான். வெறும் சூட்டில் வைத்துச் சோதித்தால் நிறம் வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவே தெரியாது.

திருப்பூரிலேயே இதற்கு நேரெதிரான ஒரு அழகும் இருக்கிறது. புது வெள்ளைப் பனியன் வெயிலில் ஏன் பால் வெள்ளையைவிட வெள்ளையாக, லேசான நீலச் சாயலோடு மின்னுகிறது? பிளீச்சிங்கின்போது வெண்மையூட்டும் கெமிக்கல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத 370 நானோமீட்டர் புறஊதாவை விழுங்கி, 440 நானோமீட்டர் நீல ஒளியாக உமிழ்கிறது. உள்ளே வந்தது 3.35 எலக்ட்ரான்வோல்ட், வெளியே போனது 2.8. மீதி சூடாகத் துணியிலேயே தங்கிவிட்டது. எப்போதும் இப்படித்தான், பெரிய ஃபோட்டானை வாங்கி, சின்னதைத் திருப்பித் தரும். சிவப்பு ஒளியைக் காட்டி அந்தப் பனியனை நீலமாக ஒளிரவைக்க முடியாது.

ஊரில் செல்போன் டவர் வைக்க வந்தால் எழுகிற பயத்தையும் இந்தக் கணக்கு கொஞ்சம் தெளிவாக்கும். "கதிர்வீச்சு" என்ற ஒரே சொல்லால் எக்ஸ்ரேயையும் டவரையும் சேர்த்துச் சொல்வதால்தான் குழப்பம். 3.5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 5ஜி அலையின் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர், ஒரு ஃபோட்டானுக்கு ஆற்றல் 0.0000145 எலக்ட்ரான்வோல்ட். நம் உடம்பின் சூட்டிலேயே மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் ஆற்றல் இதைப்போல 1,800 மடங்குக்கு மேல். அந்த ஃபோட்டானால் மரபணுவின் பிணைப்பை உடைக்க வழியில்லை. அதற்காக இந்த அலைகளுக்கு அளவே வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது. எண்ணிக்கை பெருகினால் சூடாகும். மைக்ரோவேவ் அடுப்பில் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை சோற்றைச் சூடாக்குவது அப்படித்தான். அந்தச் சூட்டை மனதில் வைத்துத்தான் டவர்களுக்கு வரம்பு விதிக்கிறார்கள். 2012-இல் இந்தியா அந்த வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. பயப்படுவதாக இருந்தாலும் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்து பயப்படுவது நல்லது. நடுப்பகல் வெயிலில் காட்டு வேலை செய்பவரின் தோலில் விழும் புறஊதா ஃபோட்டான், டவரின் ஃபோட்டானைவிட லட்சக்கணக்கான மடங்கு பெரியது. தலைக்கு முண்டாசு கட்டுவதும் முழுக்கைச் சட்டை போடுவதும் அந்த வகையில் நல்ல அறிவியல்.

கூரையில் சோலார் பேனல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிலிக்கானின் வேலி உயரம் 1.1 எலக்ட்ரான்வோல்ட். 1,100 நானோமீட்டரைவிட நீளமான அகச்சிவப்பால் அதில் கரண்டே வராது. சிவப்பு ஃபோட்டானும் ஒரு எலக்ட்ரானைத்தான் தாண்டவைக்கும், ஊதா ஃபோட்டானும் ஒன்றைத்தான் தாண்டவைக்கும். ஊதா கொண்டுவந்த உபரி ஆற்றல் பேனலைச் சூடாக்குவதில் போய்விடும். சூடேறினால் பேனலின் மின்னழுத்தம் குறையும். சித்திரை வெயிலில் எதிர்பார்த்த அளவு யூனிட் ஏறவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்களுக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. சூடு ஒரு பக்கம், ஒளி ஒரு பக்கம். பேனலுக்கு வேண்டியது ஒளி மட்டும்தான்.

படித்ததை நம்புவதைவிடச் செய்து பார்ப்பது மேல். பழைய வெள்ளைப் பனியன் ஒன்றை மூன்று துண்டாகக் கிழித்து, மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரில் நனைத்து நிழலில் காயவையுங்கள். காலை பத்து மணிக்கு மூன்றையும் மொட்டைமாடியில் பரப்பிவிடுங்கள். ஒன்றை அப்படியே திறந்து விடுங்கள். இன்னொன்றின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டு மூடுங்கள். மூன்றாவதன் மேல், அடியில் கரிப்பிடித்த பழைய தோசைக்கல் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். ஒளி நுழையக்கூடாது, சூடு நன்றாக ஏற வேண்டும். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், எது முதலில் வெளுக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். சாயங்காலம் நான்கு மணிக்குத் தோசைக்கல்லைத் துணி வைத்துப் பிடித்துத்தான் எடுக்க முடியும், அவ்வளவு காய்ந்திருக்கும். அதனடியில் இருக்கும் துண்டுதான் மூன்றிலும் நல்ல மஞ்சளாக இருக்கும்.